தோபித்தின் மகன் வீடு திரும்பிய அதிகாரம்

அந்தத் தாள் அஜந்தாவின் கைப்பைக்குள் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. வவுனியாவிலிருந்து சட்டத்தரணி அனுப்பியது. தட்டச்சில் பத்து வரி. கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். ஒன்று அவளுக்கு, மற்றது அவளுடைய மாமியாருக்கு.

போன வாரம் அவளைப் பாரிசில், லா சப்பல் மெற்றோ நிலையப் படிக்கட்டில், கரிகாலனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நிலையில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

அஜந்தாவுக்கு முப்பத்தைந்து வயது. மாமியார் பிலோமினாவுக்கு அறுபத்து மூன்று. ரூ பஜோல் தெருவில் நான்காம் மாடியில், ஓர் அறையும் சமையல் குசினியுமாக, ஆறு வருடமாக இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். பிலோமினாவின் ஒரே மகன் ஸ்ரனிஸ்லாஸ்தான் அஜந்தாவின் கணவன். 2009 மே மாதம், யுத்தத்தின் கடைசி நாளில் அவன் சரணடைந்தான் என்றும், பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டதாகவும் அஜந்தா மாமியாருக்குச் சொல்லியிருந்தாள். காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களின் படிவத்திலும் அப்படித்தான் தன் கையால் எழுதிக் கொடுத்தாள்.

அது பொய். அதற்கு நான்கு நாள் முன்னதாகவே ஸ்ரனிஸ்லாஸ் அவளுடைய மடியில் செத்துப்போயிருந்தான்.

இதை அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது கரிகாலனிடம். ரூ பிலிப்-து-ஜிராரில் போன் கடை வைத்திருப்பவன். அவளைக் கலியாணம் செய்யக் கேட்டவன். மெய்ரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணம் செய்வதென்றால் முதல் கணவனின் மரணப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்துக்குத்தான் ஊர்ச் சட்டத்தரணியின் தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரிகாலன், "எனக்குச் சொன்னதை அவவுக்குச் சொல்லு. அவவுக்குத் தெரியாமல் நான் மெய்ரிக்கு வரமாட்டன்" என்றான்.

அங்கேதான் நிறுத்தினோம். இன்று நவம்பர் முதலாம் திகதி, 2017. சகல புனிதர் திருநாள். பிரான்ஸ் முழுக்க விடுமுறை. சனம் செவ்வந்திப் பூச்சட்டிகளைத் தூக்கிக்கொண்டு தங்கள் செத்தவர்கள் கிடக்கும் சேமக்காலைகளுக்குப் போகிற நாள்.

*

பிலோமினா விடுமுறை நாளென்றும் பாராமல் ஐந்து மணிக்கே எழும்பிவிட்டார். அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை. பதினான்கு வருடப் பழக்கம் உடம்பை விடுகிறதில்லை. அஜந்தா எழும்பி வரும்போது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. மேசை துடைக்கப்பட்டு, பிளாஸ்ரிக் உறை போட்ட விவிலியம் நடுவில் இருந்தது.

"கெதியா முகத்தைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை. இண்டைக்கு என்ன இடம் எண்டு தெரியுமெல்லே?"

அஜந்தாவுக்குத் தெரியும். ஒரு கிழமையாகத் தெரியும்.

பிலோமினாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. விடத்தல்தீவில் இரண்டாம் வகுப்போடு நின்று, பிறகு தாயோடு மீன் கூடை சுமந்தவர். பாரிஸ் வந்த பிறகு, அரச கந்தோர்களில் கையெழுத்துக் கேட்கிறார்களே என்று, தன் பெயரை மட்டும் எழுதப் பழகினார். அஜந்தா வந்து இறங்கிய அதே கிழமையில், பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்த விவிலியத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தன் பிள்ளை திரும்பி வருமட்டும் இதை வாசிப்போம் என்றார். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது நடப்பது ஆறாவது சுற்று.

அஜந்தா சைவக் குடும்பத்துப் பிள்ளை. கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். முதல் சுற்றில் பெயர்களை உச்சரிக்கவே திணறினாள். இன்னாரின் மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் வரும் இடத்தில், இதை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒருநாள் கேட்டாள். பிலோமினா கேட்கவில்லை. அதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளைகள்தானே, ஒரு பேரையும் விடாமல் வாசி என்றார். அன்றிலிருந்து ஒரு பேரும் விடுபட்டதில்லை.

பிலோமினா சும்மா இருந்து கேட்கிற ஆளும் இல்லை. யாக்கோபு தகப்பனை ஏமாற்றும் இடத்தில் கள்ளன் என்று பேசுவார். யோபுவின் சினேகிதர்கள் கதைக்கத் தொடங்கினால், வந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவர்கள் என்பார். அந்த அரை மணி நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து சிரித்த நாட்களும் உண்டு. கீழே ரயில் பாதையில் வண்டிகள் போய்வர, அந்தச் சின்ன அறையில் மாமியும் மருமகளும் சிரிப்பது கேட்கும்.

அவருக்கு உயிரான பகுதி தோபித்து. கண் தெரியாத தகப்பன். தூரதேசத்துக்குப் போன ஒரே மகன். சொன்ன நாளுக்கு அவன் வரவில்லை. தாய் அன்னா சாப்பாட்டை விட்டு, அவன் போன வழியையே பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். பிறகு ஒருநாள் அவன் வருகிறான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அதிகாரம் வரும் நாளில் பிலோமினா குளித்து, நல்ல சீலை உடுத்துக்கொண்டுதான் வந்து அமர்வார்.

இன்று நீலக் கரை போட்ட சீலை உடுத்திருந்தார்.

*

அஜந்தாவுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

எந்தத் தாளை நீட்டினாலும் பிலோமினா கையெழுத்துப் போடுவார். வாடகைத் தாள், காப்புறுதித் தாள், கார்த் என்கிற வதிவிட அட்டை புதுப்பிக்கும் தாள் எல்லாம் அப்படித்தான். எங்கே போட வேண்டும் என்று கேட்பார்; அஜந்தா விரல் வைப்பாள்; அந்த இடத்தில் பெயரை மெதுவாக வரைவார். மாமியிடம் சொல்லியாயிற்று என்று கரிகாலனிடம் சொல்லிவிடலாம். அவன் நம்புவான்.

இரவு படுக்கையில் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். 'இது கார்த் புதுப்பிக்கிற பேப்பர் மாமி.'

கைப்பையிலிருந்து தாளையும் பேனையையும் எடுத்து மேசையில் வைத்தாள். பிலோமினா கண்டுவிட்டார்.

"என்ன பேப்பர்? கார்த்தோ?"

பாடமாக்கிய வசனத்தில் பாதியை அவரே சொல்லிவிட்டார். ஓம் என்றால் போதும். பிலோமினா பேனையை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டார்.

"பிறகு பாப்பம் மாமி," என்று அஜந்தா பேனையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "முதல் வாசிப்பம்."

பத்தாம் அதிகாரத்தை வாசித்தாள். மகன் வரவில்லை; தகப்பன் நாட்களை எண்ணுகிறான்; மகன் செத்துப்போய்விட்டான் என்று தாய் அழுகிறாள்; பேசாமலிரு, பிள்ளை சுகமாய் இருக்கிறான் என்கிறான் தகப்பன். தன்னை ஏமாற்ற வேண்டாம் என்று தாய் அவனுக்குச் சொல்கிறாள். பிலோமினா தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுசி பாவம், ஆறுதல் சொன்னாலும் ஏற்காது என்றார்.

பதினோராம் அதிகாரம். வழியில் அமர்ந்திருந்த தாய் தூரத்தில் ஆள் வருவதைக் காண்கிறாள். அவள் எழும்பி ஓடுகிற வரியில் அஜந்தாவின் குரல் நின்றது.

அழுகை இல்லை. வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. சளி, தடிமனாக்கும் என்று நினைத்துப் பிலோமினா தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன. வாசிக்க முடியவில்லை.

"விடு, நான் சொல்லுறன்," என்றார் பிலோமினா. கண்ணை மூடிக்கொண்டார். "அவ கண்டிட்டா. தூரத்திலையே கண்டிட்டா. தாய்க்குத் தெரியாதே? நடையிலையே தெரியும். மனுசனைக் கூப்பிட்டு, உன்ர மோன் வாறான் எண்டு சொல்லிப்போட்டு ஓடுறா. ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறா. என்ர ராசா, உன்னைக் கண்டிட்டன், இனி நான் செத்தாலும் பறவாயில்லை எண்டு சொல்லுறா."

அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஸ்ரனிஸ்லாசை அவர் கடைசியாகக் கண்டது 2003இல். பாரிசில் இருந்த கணவனிடம் வருவதற்கு அவருக்கு விசா கிடைத்தது. வயது கடந்துவிட்டதென்று மகனுக்குக் கிடைக்கவில்லை. மகனின் கலியாணத்தைப் படத்தில்தான் பார்த்தார்.

பன்னிரண்டாம் அதிகாரத்தை அவர் கேட்கவில்லை. அஜந்தாவுக்குச் சுகமில்லை, மிச்சத்தை நாளைக்குச் சேர்த்து வாசிக்கலாம் என்றார். பிறகு வழக்கமான செபத்தைத் தொடங்கினார். ஆறு வருடமாக ஒரு சொல்லும் மாறாத செபம். ஆண்டவரே, என் பிள்ளை எங்கே இருந்தாலும் அவனுக்கு ஒரு வாய் சோறு கொடும், அடிக்கிறவர்களின் கையைப் பிடியும், என் கண் மூடுமுன் அவனைக் கூட்டிக்கொண்டு வாரும்.

முடித்துவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக அஜந்தா ஆமென் சொல்லுவாள்.

இன்று சொல்லவில்லை.

"என்ன பிள்ளை?"

"மாமி, அவர் இல்லை."

பிலோமினாவுக்கு முதலில் விளங்கவில்லை. யார் இல்லை என்று கேட்டார்.

"ஸ்ரனி. அவர் பஸ்ஸிலை ஏறேல்லை மாமி. அதுக்கு முன்னமே செத்திட்டார். நான் பக்கத்திலை இருந்தனான்."

*

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் துண்டுதுண்டாகத்தான் வந்தது. மே பதினான்காம் திகதி. விடியற்காலை. பங்கருக்கு வெளியே தண்ணீர்க் கானை எடுக்கப் போனான். செல் விழுந்தது. அவன் தவழ்ந்து உள்ளே வந்தான். எப்படி வந்தான் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. வயிற்றைக் கையால் பொத்தியிருந்தான். ஒரு மணித்தியாலம் உயிர் இருந்தது.

பிலோமினா அழவில்லை. கத்தவும் இல்லை. இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அஜந்தாவின் வாயையே பார்த்தபடி இருந்தார். விவிலியம் வாசிக்கும்போது பார்ப்பதும் அப்படித்தான்.

"தண்ணி கேட்டவனோ?"

"ஓம் மாமி. கொஞ்சம் இருந்தது. குடுத்தனான்."

"குடிச்சவனோ?"

"ரெண்டு மிடறு."

"ஆர் மூடினது?"

"நானும் பக்கத்துப் பங்கரிலை இருந்த ஒரு ஐயாவும். என்ர சீலையாலை சுத்தினனாங்கள். அந்தப் பங்கரிலையே விட்டு மண் போட்டனாங்கள். வேறை இடம் இல்லை மாமி. செல் நிக்கேல்லை."

பிலோமினா அடுத்துக் கேட்ட கேள்விக்குத்தான் அஜந்தா பயந்துகொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டவனோ?"

அந்த ஒரு கேள்விக்கு ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. அம்மா என்று கூப்பிட்டான் என்று சொன்னால் அந்த மனுசி மிச்ச நாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு கிடந்துவிடும். அஜந்தாவின் நாக்கு வரைக்கும் அது வந்தது.

"இல்லை மாமி," என்றாள். "தண்ணிக்குப் பிறகு அவராலை கதைக்க ஏலாமப் போச்சு."

பிலோமினா கண்ணை இறுக மூடித் திறந்தார்.

பொய் எப்படித் தொடங்கியது என்பதையும் அஜந்தா சொன்னாள். முகாமில் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி. இரண்டு நிமிடம்தான் தருவோம் என்றார்கள். பாரிஸ் இலக்கத்தை அழுத்தினாள். மறுமுனையில் பிலோமினா அவளைப் பேசவே விடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் சொல்லு பிள்ளை, வேறொன்றும் வேண்டாம் என்று அழுதார். அவள் ஓம் என்றாள். தொடர்பு அறுந்துவிட்டது. அடுத்த முறை பேசும்போது, எங்கே என்ற கேள்வி வந்தது. அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் உன்னை இஞ்சை கூப்பிட வேணும் எண்டோ அப்பிடிச் சொன்னனி?"

அஜந்தா தன்னையே இதைக் கேட்டுப் பார்க்காத நாள் இல்லை. யார் யாரையோ பிடித்து, இரண்டு வருடம் அலைந்து, பிலோமினா அவளைப் பாரிசுக்கு எடுப்பித்தார். என் மகன் வெளியே வந்தால் பெண்சாதி பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எல்லோருக்கும் சொன்ன காரணம்.

"முதல் நாள் அதுக்காண்டி இல்லை. பிறகு..." அவள் நிறுத்தினாள். "பிறகு எனக்குத் தெரியேல்லை மாமி."

மேசையில் இருந்த தாளைப் பிலோமினா தொட்டுப் பார்த்தார். அப்படியென்றால் இது கார்த் தாள் இல்லைத்தானே என்றார். அஜந்தா உண்மையைச் சொன்னாள். தன் மகன் இந்தத் திகதியில் இறந்தான் என்று தாயும், தன் கணவன் இறந்தான் என்று மனைவியும் சத்தியம் செய்து கொடுக்கிற தாள். எதற்கு இப்போது என்பதையும் சொன்னாள். கரிகாலனின் பெயரைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன் கடைக்காரப் பெடியன்தானே," என்றார் பிலோமினா. "தை மாசம் துவக்கம் எனக்குத் தெரியும்."

அஜந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ர பிள்ளை எங்கையோ ஒரு மறியல்லை அடைபட்டுக் கிடக்கேக்கை, இவள் இன்னொருத்தனோடை சிரிச்சுக் கதைக்கிறாள் எண்டு நினைச்சன். வயித்தெரிச்சலாத்தான் இருந்தது. பிறகு, இளம் பிள்ளை, எத்தினை வரியம் இருக்கிறது எண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தன். அவன் வந்தால் அவனுக்கு என்ன சொல்லுறது எண்டுகூட யோசிச்சு வைச்சிருந்தன். அவளிலை பிழை இல்லை மோனை, நான்தான் விட்டனான் எண்டு சொல்ல இருந்தன்."

அதைக் கேட்டபோதுதான் அஜந்தா உடைந்தாள். மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். இதற்கு முன் எப்போது இப்படி அழுதாள் என்று அவளுக்கு நினைவில்லை. பங்கருக்குள் அழ நேரம் கிடைக்கவில்லை, முகாமில் இடம் கிடைக்கவில்லை, இந்த வீட்டில் அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பிலோமினா அவளைத் தொடவில்லை.

"கலியாணத்தை விடு. அது பெரிசில்லை," என்றார் கடைசியில். குரல் மிகவும் அமைதியாக இருந்தது. "ஒவ்வொரு நாளும் அவனைக் கூட்டிக்கொண்டு வாரும் எண்டு நான் கேக்கேக்கை, நீ ஆமென் சொன்னனி. பக்கத்திலை இருந்து சொன்னனி. அது என்னத்துக்குப் பிள்ளை?"

அஜந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"வாசிச்சு முடிச்ச உடனை கொஞ்ச நேரத்துக்கு எனக்கும் அவர் வருவார் போலை இருக்கும் மாமி."

*

பிலோமினா எழும்பிக் கோப்பைகளைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியையும் எடுத்துக் கழுவினார். மத்தியானம் கடந்த பிறகு அறைக்குள் போய் நீலக் கரைச் சீலையை மாற்றிவிட்டு, கணவனின் இழவுக்கு உடுத்த வெள்ளைச் சீலையோடு வந்தார். மேலே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டார். பந்தன் சேமக்காலைக்குப் போவதென்பது முன்பே பேசிவைத்ததுதான். இன்றைக்கும் போகிறார் என்று அஜந்தா நினைக்கவில்லை.

அவள் கேட்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

ஸ்ராலின்கிராட்டில் வண்டி மாறினார்கள். ஏழாம் இலக்க மெற்றோ முழுக்கச் செவ்வந்தி வாசம். வயதான பிரெஞ்சுக்காரப் பெண்கள் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பிலோமினா கதவோரம் நின்றார். இடம் இருந்தும் அமரவில்லை. அஜந்தாவின் கைத்தொலைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. கரிகாலன். அவள் எடுக்கவில்லை.

சேமக்காலை வாசலில் வருடா வருடம் பிலோமினா ஒரு சட்டிதான் வாங்குவார். 2008 தை மாதம் நெஞ்சுவலியில் போன கணவன் சவிரிமுத்துவுக்கு. ஒருமுறை கோயிலில் ஒரு பெண், தெரியாத்தனமாக, மகனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோமா என்று கேட்டுவிட்டாள். அவளோடு பிலோமினா அதற்குப் பிறகு கதைத்ததே இல்லை.

இன்று பூக்காரியிடம் இரண்டு விரலைக் காட்டினார்.

ஒன்றைத் தூக்க அஜந்தா கையை நீட்டினாள். பிலோமினா கொடுக்கவில்லை. இரண்டையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, நீண்ட பாதையில், உதிர்ந்த இலைகளை மிதித்தபடி நடந்தார். அஜந்தா பத்தடி பின்னால் நடந்தாள்.

சவிரிமுத்துவின் கல்லறை சிறியது. பெயரும் இரண்டு திகதிகளும் மட்டும். பிலோமினா சட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் கல்லைத் துடைத்தார். சட்டிகளைக் கல்லின் மேல் அருகருகே வைத்தார். பிறகு அந்த ஈரக் கல்லின் விளிம்பிலேயே, சீலை நனைவதைப் பாராமல், குந்தினார்.

உயிரோடு இருந்த காலத்தில் கணவனைக் கூப்பிட்டது போலத்தான் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ."

காற்றில் செவ்வந்தி இலைகள் அசைந்தன. இரண்டு கல்லறை தள்ளி ஒரு குடும்பம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பெடியன் உங்கடை பக்கம் வந்து எட்டு வரியமாம். எனக்கு இண்டைக்குத்தான் சொல்லினம்." கல்லைத் தடவினார். "அவள் சின்னப் பிள்ளை, பயத்திலை மறைச்சுப்போட்டாள். நீங்களும் ஒரு கனவிலையாவது வந்து சொல்லேல்லையே."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. தோள்கள் மட்டும் குலுங்கின. அஜந்தா ஓடிப் போய்ப் பிடிக்க ஓரடி வைத்தாள். பிலோமினா திரும்பாமலே கையை உயர்த்தினார். வர வேண்டாம் என்ற கை.

அவள் நின்றுவிட்டாள்.

நெடுநேரம் போனது. ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. வாயிலை மூடப்போவதாகக் காவலாளி மணி அடித்துக்கொண்டு போனான். பிலோமினா கல்லில் கையை ஊன்றி எழும்பினார். முழங்கால் நோவுக்கு ஒருமுறை முகத்தைச் சுளித்தார். அஜந்தாவை நோக்கி வந்தார்.

குளிர்கோட்டுப் பைக்குள் கையை விட்டு அவர் வெளியே எடுத்தது சட்டத்தரணியின் தாள். நான்காக மடித்திருந்தது. வீட்டை விட்டுப் புறப்படும்போது அதை அவர் எடுத்ததை அஜந்தா கவனித்திருக்கவில்லை.

"இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு எனக்குச் சரியாத் தெரியவேணும்," என்றார்.

அஜந்தா கையை நீட்டினாள். வாசித்துக் காட்டுகிறேன் மாமி என்றாள். ஆறு வருடமாக இந்த மனுசிக்கு எழுத்து என்றால் அவள் குரல்தான்.

பிலோமினா தாளைக் கொடுக்கவில்லை. திரும்பப் பைக்குள் வைத்தார்.

"கோயிலிலை ஆறு மணிப் பூசைக்குச் சுவாமி வருவார். அவர் வாசிச்சுச் சொல்லட்டும்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அஜந்தாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "இவ்வளவு நாளும் நீ எனக்கு வாசிச்சது காணும், பிள்ளை."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். சுவாமி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுவாரா, தாளைக் கிழிப்பாரா, இரவு வீட்டுக் கதவை இவளுக்குத் திறந்துவிடுவாரா என்று அந்த முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கைப்பைக்குள் தொலைபேசி மறுபடி அதிர்ந்தது.

இருட்டுகிற பாதையில் பிலோமினாவின் கால் ஓர் இடத்தில் வழுக்கியது. அஜந்தா விரைந்து எட்டிப் போனாள். பக்கத்தில் நடப்பதா, பின்னாலேயே நடப்பதா என்று தெரியாமல், அவர் விழுந்தால் பிடிக்கக்கூடிய தூரத்தில் நடந்தாள்.